குவாண்டம் கணினியும் அறிவியல் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் கணினி என்பது வழக்கமான கணினியைவிடப் பன்மடங்கு வேகமாக ஓடும் கணினிதானே?

அல்ல. இந்த எண்ணத்தை முதலில் களைந்துவிட்டால் மற்றக் குழப்பங்களில் பாதி தாமாகவே விலகிவிடும். அடிப்படைச் செயல்களை ஒன்றுக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தால் குவாண்டம் கணினி மிக மெதுவானது. நம் கைப்பேசியிலுள்ள செயலி ஒரு நொடிக்குப் பல நூறு கோடிச் செயல்களை முடித்துவிடுகிறது; பிழைதிருத்தத்தோடு இயங்கப்போகும் குவாண்டம் கணினியோ ஒரே ஒரு திருத்தச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடி எடுத்துக்கொள்ளும் என்றும், ஒரு செயலுக்கு அத்தகைய சுற்றுகள் பல தேவைப்படும் என்றும்தான் அதைத் திட்டமிடுவோரே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன் பலம் ஓட்டத்தில் இல்லை, குறுக்குவழியில் இருக்கிறது: சில வகைக் கணக்குகளுக்குத் தேவையான படிகளின் எண்ணிக்கையையே அது வெகுவாகக் குறைத்துவிடுகிறது. அந்தச் சில வகைகளுக்கு வெளியே அதனால் எந்த ஆதாயமும் இல்லை.

எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதை எடுத்துத் தரும் என்கிறார்களே?

அந்த வாக்கியத்தின் முற்பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பிற்பாதியில் இல்லை. வழக்கமான பிட் ஒன்று 0 அல்லது 1 ஆக இருக்கும். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் இவ்விரு நிலைகளின் மேற்பொருந்துதலாக, அதாவது இரண்டும் கலந்த நிலையில், இருக்க முடியும், பல கியூபிட்கள் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்த நிலையிலும் இருக்க முடியும். 50 கியூபிட்களின் நிலையை முழுமையாக எழுதிவைக்க வேண்டுமானால் 2-இன் 50-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 1,126 லட்சம் கோடிக் கலப்பெண்கள் (மெய், கற்பனை என இரு பகுதிகள் கொண்ட எண்கள்) தேவை. ஒவ்வொன்றுக்கும் 16 பைட் என்று வைத்தால் 18,000 டெராபைட் நினைவகம் வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த 50 கியூபிட்களை அளந்து பார்க்கும் கணத்தில் நம் கைக்கு வருவது 50 பிட்கள் மட்டுமே. அதற்கு மேல் ஒரு பிட்கூட எடுக்க முடியாது என்பதை ரஷ்யக் கணிதவியலாளர் ஹோலெவோ 1973-இலேயே நிறுவிவிட்டார். உள்ளே கடலளவு இருந்தாலும் வெளியே எடுக்கும் குவளை சிறியது. ஆகவே, தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, சரியான விடையின் அலை மட்டும் வலுப்பெறும்படி கணக்கை அமைப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. குறுக்கீட்டு விளைவை இப்படி ஏவல் கொள்ளும் வழி எல்லாக் கணக்குக்கும் அமைவதில்லை. 1994-இல் பெல் ஆய்வகத்தில் பீட்டர் ஷோர், பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வழியைக் கண்டது அந்த எண்களுக்குள் மறைந்திருக்கும் ஒரு சுழற்சி ஒழுங்கால்தான். ஒழுங்கு இல்லாத குப்பையில் தேடச் சொன்னால் குவாண்டம் கணினிக்கும் கிட்டத்தட்ட நம் திண்டாட்டம்தான்.

அப்படியானால் அறிவியல் ஆய்வுக்கு இது பொருந்தும் என்று ஏன் நம்புகிறார்கள்?

ஏனெனில் இந்த எண்ணமே அங்கிருந்துதான் முளைத்தது. 1981-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஒரு மாநாட்டில் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு சிக்கலை முன்வைத்தார். எலக்ட்ரான்களும் அணுக்களும் குவாண்டம் விதிகளின்படி நடந்துகொள்கின்றன. அவற்றை வழக்கமான கணினியில் போலச்செய்யப் புகுந்தால், துகள்களின் எண்ணிக்கை கூடக்கூடக் கணக்கு அடுக்கடுக்காகப் பெருகி நம்மை மூழ்கடித்துவிடுகிறது. கணக்கிடும் கருவியே குவாண்டம் விதிகளின்படி இயங்கினால் என்ன என்பது அவர் எழுப்பிய கேள்வி. துகள்கள் தம் அண்டைத் துகள்களோடு மட்டும் வினைபுரியும் எந்தக் குவாண்டம் அமைப்பையும் அப்படிப்பட்ட கருவியால் திறமையாகப் பின்தொடர முடியும் என்று 1996-இல் சேத் லாயிட் காட்டினார். வேதியியல், பொருளறிவியல், அணுக்கரு இயற்பியல் ஆகியவற்றுக்கான நம்பிக்கை முழுவதும் இந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது.

ஆனால் மூலக்கூறுகளை இப்போதே கணினியில் கணக்கிடுகிறார்களே?

கணக்கிடுகிறார்கள், மிக நன்றாகவே. எலக்ட்ரான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்தொடராமல், அவற்றின் ஒட்டுமொத்த அடர்த்தியை மட்டும் கொண்டு கணக்கிடும் முறைக்காக வால்டர் கோனும், குவாண்டம் வேதியியல் கணிப்பு முறைகளை வளர்த்ததற்காக ஜான் போப்பிளும் 1998-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அன்றாடம் வேதியியலாளர் சந்திக்கும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய முறைகள் போதும்.

இடிப்பது வேறோர் இடத்தில். இரும்பு, மாங்கனீசு, தாமிரம் போன்ற உலோக அணுக்கள் பல நெருங்கி அமர்ந்திருக்கும் இடங்களில் எலக்ட்ரான்கள் ஒன்றின் நடத்தையை மற்றொன்று வலுவாகத் தீர்மானிக்கின்றன. ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்துத் தோராயமாகப் பார்க்க அங்கே இடமில்லை. உயர் வெப்பநிலை மீக்கடத்திகளும் (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள்) சில நொதிகளின் மையங்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. குவாண்டம் கணினிக்கான உண்மையான களம் இது. பரப்பில் குறுகியது, ஆனால் மிகவும் வளமானது.

உரத் தயாரிப்பு உதாரணம் எங்கும் சொல்லப்படுகிறதே, அது என்ன?

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் வாக்குறுதியும் வரம்பும் இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே முழுமையாகக் கிடைக்கின்றன.

பூப்பதற்கு முன்னால் ஓர் உளுந்துச் செடியையோ நிலக்கடலைச் செடியையோ மண்ணோடு மெதுவாகப் பிடுங்கிக் கழுவினால், வேரில் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். நல்ல முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை, மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கின்றன. அதே வேலையை ஹேபர்-பாஷ் முறையில் செய்யும் தொழிற்சாலைக்கு 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பமும், வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும் வேண்டும்; உலகின் எரிசக்திச் செலவில் 1 முதல் 2 விழுக்காடு இதற்கே போகிறது என்பது பொதுவான மதிப்பீடு.

பாக்டீரியாவின் நைட்ரஜனேஸ் நொதியில் இந்த வேலை நடக்கும் இடம் 7 இரும்பு, 9 கந்தகம், 1 மாலிப்டினம், 1 கார்பன் என்று அணுக்கள் கூடியமைந்த ஒரு சிறு கொத்து. அதன் நடுவில் இருப்பது கார்பன்தான் என்பதே 2011-இல்தான் உறுதியானது. அது எவ்வாறு நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்கிறது என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. இந்தக் கொத்தைச் சுருக்கி, 54 எலக்ட்ரான்களை 54 ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான்கள் அமரும் இடங்களில்) அமர்த்தும் ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டாலும், சாத்தியமான அமர்வுகளின் எண்ணிக்கை 10-இன் 30-ஆம் அடுக்கு என்ற வரிசையில் வந்து நிற்கிறது.

2017-இல் ரைஹரும் உடன் ஆய்வாளர்களும், இந்தச் சிக்கலுக்கு எவ்வளவு பெரிய குவாண்டம் கணினி வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கணக்கிட்டார்கள். 2021-இல் வெளியான மேம்பட்ட மதிப்பீடு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மிகாத பிழை வீதமுள்ள 40 லட்சம் வன்பொருள் கியூபிட்கள் (இயந்திரத்தில் நிஜமாக உள்ள கியூபிட்கள்) இருந்தால் நான்கு நாள்களுக்குள் கணக்கு முடியும் என்றது. எந்த ஆய்வகத்திடமும் இன்று அந்த அளவுக்கு அருகிலான இயந்திரம்கூட இல்லை.

சரி, இயந்திரம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நான்கு நாள்களின் முடிவில் கிடைப்பது, கொத்தின் ஒரு நிலைக்கான ஆற்றல் மதிப்பு, அதாவது ஓர் எண். வினை நடக்கும் வழியை அறிய இடைநிலைகள் பலவற்றுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சுற்றியுள்ள புரதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வழி தெரிந்தபின்னும் அதைப் பார்த்து ஒரு வினையூக்கியை உருவாக்குவது வேதியியலாளரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு. மேலும், ஹேபர்-பாஷ் ஆலையின் எரிசக்திச் செலவில் பெரும்பங்கு, மூலப்பொருளான ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுப்பதில்தான் போகிறது. பாக்டீரியாவும் இலவசமாக வேலை செய்வதில்லை; ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு உயிரணுக்களின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறுகள் 16-ஐச் செலவிடுகிறது. ஆகவே “குவாண்டம் கணினி வந்தால் உரம் மலிவாகும்” என்று மேடையில் சொல்பவர், இடையிலுள்ள ஐந்தாறு படிகளை ஒரே தாவலில் தாண்டுகிறார். நொதியைப் புரிந்துகொள்ள அது உதவக்கூடும் என்றால் அது நியாயமான பேச்சு.

இன்றைய இயந்திரங்களுக்கு என்ன குறை?

இரைச்சல்தான். மீக்கடத்திக் கியூபிட்களைக் கொண்ட கணினிகள் ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு, அதாவது −273 பாகை செல்சியஸுக்கு வெகு அருகிலான குளிர்நிலையில் வைக்கப்படுகின்றன. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியின் 2.7 கெல்வினைவிட இது வெகுவாகக் குளிர்ந்தது. அப்படியிருந்தும் அவற்றின் குவாண்டம் நிலை நூறு மைக்ரோ நொடி என்ற வரிசையிலேயே கலைந்துவிடுகிறது. அயனிகளைப் பொறிவைத்துப் பிடிக்கும் வகையில் நிலை வெகுநேரம் நீடிக்கும், ஆனால் ஒவ்வொரு செயலும் மெதுவாக நடக்கும். எந்த வகையானாலும் ஒரு செயலுக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் பிழை நேர்வதாக வைத்தால், சில ஆயிரம் செயல்களுக்குப் பிறகு விடையில் நம்பத்தக்கதாக ஒன்றும் மிஞ்சாது. மேலே சொன்ன நைட்ரஜனேஸ் கணக்குக்கோ கோடிக்கணக்கான செயல்கள் தேவை.

பிழைகளைத் திருத்த முடியாதா?

முடியும். பல வன்பொருள் கியூபிட்களைச் சேர்த்து ஒரே தர்க்க கியூபிட்டாகக் காப்பாற்றும் முறைகள் 1995-இலிருந்து உருவாகிவருகின்றன. நடைமுறையில் ஒரு பெரிய மைல்கல், 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 கியூபிட் ‘வில்லோ’ சில்லில் காட்டியது: பாதுகாப்பு வலையை ஒவ்வொரு படி பெரிதாக்கும்போதும் பிழை ஏறத்தாழ 2.14 மடங்கு குறைந்தது. அதுவரை கியூபிட்களைக் கூட்டினால் பிழையும் கூடுமோ என்ற அச்சம் இருந்தது. அது நீங்கியது உண்மையான சாதனை.

எண்களையும் பார்த்துவிடுவோம். அந்தச் சில்லில் 101 கியூபிட்கள் சேர்ந்து காத்தது ஒரே ஒரு தர்க்க கியூபிட்டை. ஒரு திருத்தச் சுற்றுக்கு அதன் பிழை 0.143 விழுக்காடு. இதே வீதத்தில் போனால் பிழையைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க, ஒரு தர்க்க கியூபிட்டுக்கு 1,457 வன்பொருள் கியூபிட்கள் வேண்டும். வேதியியலுக்கு ஆயிரக்கணக்கான தர்க்க கியூபிட்கள் தேவை என்பதோடு இதைப் பெருக்கிப் பார்த்தால், லட்சங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும்.

2019-இலேயே குவாண்டம் கணினி மீக்கணினியை (சூப்பர் கம்ப்யூட்டரை) வென்றுவிட்டதே?

கூகுளின் ‘சிகாமோர்’ சில்லைச் சொல்கிறீர்கள். 53 கியூபிட்கள், 1,113 ஒற்றைக் கியூபிட் செயல்கள், 430 இரட்டைக் கியூபிட் செயல்கள். தற்போக்காக அமைத்த ஒரு சுற்றை (செயல்களின் வரிசையை) ஓட்டி, 200 நொடிகளில் பத்து லட்சம் மாதிரி விடைகளை எடுத்தார்கள். மீக்கணினிக்கு இதற்கு 10,000 ஆண்டுகள் ஆகும் என்றார்கள். ஐபிஎம் உடனே மறுத்து, வட்டுச் சேமிப்பையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இரண்டரை நாள் போதும் என்றது. 2022-இல் பெய்ஜிங் ஆய்வாளர்கள் 512 வரைகலைச் செயலிகளைக் கொண்டு சுமார் 15 மணி நேரத்தில் ஒப்பிடத்தக்க மாதிரிகளை எடுத்துக் காட்டிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூன்றே ஆண்டுகளில் மணிக்கணக்காகச் சுருங்கின.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொன்று உண்டு: இரைச்சலின் காரணமாக அந்தப் பத்து லட்சம் மாதிரிகளில் உண்மையான சமிக்ஞை சுமார் 0.2 விழுக்காடுதான். ஐந்நூறுக்கு ஒன்று. மற்றவை வெறும் இரைச்சல். அந்தக் கணக்குக்கும் இயற்கையைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் தொடர்பில்லை. இயந்திரத்துக்கு எளிதாகவும் எதிராளிக்குக் கடினமாகவும் இருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட போட்டி அது.

2023 ஜூனில் ஐபிஎம் தன் 127 கியூபிட் ‘ஈகிள்’ செயலியில் ஒரு காந்த மாதிரியின் நடத்தையைக் கணக்கிட்டு வெளியிட்டது. இது இயற்பியலுக்கு நெருக்கமான கேள்வி. ஆனால் சில வாரங்களுக்குள் நியூயார்க்கின் ஃபிளாட்அயர்ன் நிறுவனத்தினர் உள்ளிட்ட குழுக்கள், டென்சர் வலைப்பின்னல் (பின்னிப்பிணைவு குறைவான நிலைகளைச் சுருக்கி எழுதும் முறை) போன்ற முறைகளால் அதே கணக்கை வழக்கமான கணினியில், இன்னும் துல்லியமாகவே செய்து முடித்தார்கள், மீக்கணினி தேவைப்படவில்லை. எனவே “வென்றுவிட்டது” என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: யாரோடு ஒப்பிட்டார்கள்? எதிரில் நிறுத்தப்பட்டது இன்றைய மிகச் சிறந்த முறையா, அல்லது எவரும் கையாளாத முரட்டு முறையா?

வேதியியலில் மாபெரும் ஆதாயம் உறுதிதானே?

அதுவும் முழுமையாக உறுதியல்ல. மூலக்கூறுகளின் அடித்தள ஆற்றலை (மிகக் குறைந்த ஆற்றல் நிலையின் மதிப்பை) கணிப்பதில் அடுக்கேறிய ஆதாயத்துக்கு, அதாவது கணக்கு பெரிதாகப் பெரிதாக மடங்கு மடங்காகக் கூடும் ஆதாயத்துக்கு, சான்று உண்டா என்று கார்னெட் சானும் உடன் ஆய்வாளர்களும் 2023-இல் ஆராய்ந்து, பொதுவாக அப்படிச் சொல்லுமளவுக்குச் சான்று இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். குவாண்டம் கணினியும் விடைக்கு ஓரளவு அருகிலுள்ள தொடக்க நிலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க முடியும். அத்தகைய நல்ல தொடக்கம் கிடைக்கும் இடங்களில் வழக்கமான முறைகளும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்துவிடுகின்றன. அடித்தள ஆற்றலைவிட, ஓர் அமைப்பு நேரப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதைப் பின்தொடர்வதில்தான் ஆதாயத்துக்கான வாதம் வலுவாக உள்ளது என்பது என் கருத்து.

பிழைதிருத்தம் வரும்வரை இன்றைய இயந்திரங்களால் பயனில்லையா?

2014-இல் பிரிஸ்டலில் ஓர் ஒளியியல் சில்லில், ஹீலியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த அயனியின் ஆற்றலைக் கணக்கிட்டது முதல், குறுகிய குவாண்டம் சுற்றையும் வழக்கமான கணினியையும் மாறிமாறி இயக்கும் கலப்பு முறைகள் பெரிதும் முயலப்பட்டன. இரண்டு தடைகள் எதிர்ப்பட்டன. அளவீடு நிகழ்தகவு சார்ந்தது என்பதால் துல்லியத்தைப் பத்து மடங்கு கூட்ட வேண்டுமானால் நூறு மடங்கு அளவீடுகள் வேண்டும். அடுத்து, கியூபிட்கள் கூடக்கூட எந்தப் பக்கம் நகர்ந்தால் விடை சிறக்கும் என்ற குறிப்பே கிடைக்காத தரிசுச் சமவெளிகள் தோன்றுவதை 2018-இல் கண்டறிந்தார்கள்.

இதைவிடப் பலன் தந்தது, எல்லாக் கணக்கையும் செய்ய முயலாமல் ஒரே வகை இயற்பியலை மட்டும் நடித்துக்காட்டும் கருவிகள். 2021-இல் ஹார்வர்டு குழுவினர் லேசர் ஒளியால் 219 ரூபிடியம் அணுக்களைப் பிடித்து அடுக்கி, 1973-இல் பிலிப் ஆண்டர்சன் முன்மொழிந்த ‘ஸ்பின் திரவம்’ என்ற (கடுங்குளிரிலும் காந்த ஒழுங்கு ஏற்படாத) பொருள்நிலை வகையின் அடையாளங்களைக் கண்டார்கள். இது கணினி என்பதைவிட ஆய்வுக்கூட மாதிரி என்பதே பொருத்தம். ஆனால் இயற்பியலாளருக்குப் புதிதாக ஒன்றைச் சொன்னது.

பெருந்தரவு, வானிலை, மரபணு ஆய்வு?

இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. தரவு வழக்கமான வடிவில் இருந்தால் அதைக் குவாண்டம் நிலையாக உள்ளே ஏற்றுவதற்கே கிடைத்த ஆதாயமெல்லாம் செலவாகிவிடக்கூடும். யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்துப் பரிந்துரைப்பதற்கான குவாண்டம் படிமுறை (கணக்கிடும் வழிமுறை) ஒன்று அடுக்கேறிய வேகம் தரும் என்று நம்பப்பட்டது. 2018-இல், டெக்சாஸில் படித்துவந்த 18 வயது மாணவி யூவின் டாங், ஏறத்தாழ அதே வேகத்தை வழக்கமான கணினியிலும் அடையலாம் என்று நிறுவினார். லவ் குரோவர் 1996-இல் கண்ட தேடல் முறை, லட்சம் கோடிப் பதிவுகளில் தேட வேண்டியதைப் பத்து லட்சம் படிகளுக்குக் குறைக்கும். ஆனால் ஒவ்வொரு படியும் மெதுவாக நடக்கும்போது, ஆயிரம் செயலிகளுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் மீக்கணினியை முந்துவது கடினம். புரத மடிப்பையும் குவாண்டம் கணினிக்கான எடுத்துக்காட்டாக நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அதில் பெரும் முன்னேற்றம் செயற்கை நுண்ணறிவால் வந்து 2024 வேதியியல் நோபல் பரிசையும் பெற்றுவிட்டது.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

2023 ஏப்ரலில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. 2031-க்குள் 50 முதல் 1,000 வன்பொருள் கியூபிட் கொண்ட கணினிகள் இலக்கு. கணிமைக்கான மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ளது. சென்னை ஐஐடியில் இருப்பது குவாண்டம் தொடர்பாடலுக்கான மையம். மேலே கண்ட 40 லட்சத்தோடு 1,000-ஐ ஒப்பிட்டால், இது ஆள்களையும் கைத்திறனையும் வளர்க்கும் முதலீடு என்பது புலப்படும்.

ஆய்வு மாணவர் ஒருவர் இப்போதே எங்கிருந்து தொடங்கலாம்?

பைத்தான் தெரிந்தால் போதும். ஐபிஎம் 2016 முதலே சிறு குவாண்டம் கணினிகளை இணையவழியே பயன்படுத்தத் திறந்துவைத்திருக்கிறது. ஆனாலும் முதல் பயிற்சியை உங்கள் மடிக்கணினியிலேயே செய்துபாருங்கள். முழு நிலையையும் எண்களாகச் சேமிக்கும் போலச்செய்நிரல் ஒன்றில் 20 கியூபிட் சுற்றை ஓட்டினால் தேவை 16 எம்பி, நினைவகம் அதை உணராது. 29 கியூபிட்டுக்கு 8 ஜிபி. 30-க்கு 16 ஜிபி. பெரும்பாலான மடிக்கணினிகள் இந்த இடத்தில் திணறி நின்றுவிடும். 34-க்கு 256 ஜிபி. அடுத்து, பின்னிப்பிணைவு குறைவான ஒரு சுற்றை எடுத்து, டென்சர் வலைப்பின்னல் நிரல் ஒன்றில் 100 கியூபிட்களோடு ஓட்டுங்கள். அதே மடிக்கணினியில் சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு பின்னிப்பிணைவை அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டே போய், எந்த அடுக்கில் நிரல் மூச்சுத் திணறத் தொடங்குகிறது என்று குறித்துவையுங்கள்.